கவிழ்த்தாலும் வடியாத தேன்

இரண்டு கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொள்வோம். முதற்புட்டியில் இருப்பது குளோவர் என்னும் தீவனச் செடியின் பூக்களிலிருந்து தேனீக்கள் சேர்த்த தேன். அதில் நூறு கிராமுக்கு 17 கிராம் நீர் இருக்கிறது. இரண்டாவது புட்டியில் ஹெதர் தேன். ஸ்காட்லாந்தின் மேட்டு நிலங்களிலும் இங்கிலாந்தின் வடபகுதிகளிலும் ஆகஸ்ட் மாதத்தில் ஊதா நிறப் போர்வை விரித்தாற்போல் பூத்துக் கிடக்கும் குறுஞ்செடிதான் ஹெதர். இந்தத் தேனில் நூறு கிராமுக்கு 22 கிராம் நீர். மூடிகளைக் கழற்றிவிட்டு இரண்டு புட்டிகளையும் ஒரே சமயத்தில் கவிழ்த்துப் பிடித்தால் எது முதலில் வடியும்?

நீர் மிகுந்ததுதான் முதலில் வடியும் என்று சொல்லத் தோன்றும். நடப்பதோ வேறு. குளோவர் தேன் கயிறுபோல் நீண்டு இறங்கிவிடும். ஹெதர் தேன் புட்டிக்குள் அப்படியே ஒட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். அதே ஹெதர் தேனை ஒரு கரண்டியால் நன்றாகக் கிளறிவிட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். இப்போது அதுவும் ஓடி வந்துவிடும். கிளறியதைத் தொடாமல் வைத்திருந்தால் சிறிது சிறிதாக இறுகி, பழையபடி வடியாத தேனாகிவிடும். எத்தனை முறை வேண்டுமானாலும் இதைச் செய்து பார்க்கலாம்.

தேன் நல்லதா, நீர் கலந்ததா என்று அறிய நம்மில் பெரும்பாலோர் நம்புவது அது ஓடும் விதத்தைத்தான். கெட்டியாக இறங்கினால் அசல், சரசரவென ஓடினால் கலப்படம். இந்தத் தீர்ப்பை வைத்துத்தான் விலை பேசுகிறோம். விற்க வந்தவரின் நேர்மையையும் எடை போட்டுவிடுகிறோம். மேலே கண்ட இரண்டு புட்டிகளும் இந்தத் தீர்ப்பைக் குப்புறத் தள்ளிவிடுகின்றன. அப்படியானால் தேனில் நீர் சேரும்போது அதன் ஓட்டத்துக்கு உண்மையில் என்னதான் நேர்கிறது? முதலில் சாதாரணத் தேனைப் பார்ப்போம். ஹெதர் தேனுக்குப் பிறகு வருவோம்.

ஒரு திரவம் ஓடும்போது அதன் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. அந்த வழுக்கலுக்குத் திரவம் காட்டும் எதிர்ப்பே பாகுநிலை. அதை எண்ணால் குறிக்கும்போது பாகியல் எண் என்கிறோம். அதற்குப் பழைய அலகு பாய்ஸ். இன்றைய அலகான பாஸ்கல்-விநாடியில் பத்தில் ஒரு பங்கு. அறை வெப்பநிலையில் நீரின் பாகியல் எண் சுமார் 0.01 பாய்ஸ். விளக்கெண்ணெய்க்குச் சுமார் 10 பாய்ஸ். தேனுக்கு எவ்வளவு? ஒரே எண்ணாக விடை சொல்ல முடியாது. அதில்தான் நமது கதை தொடங்குகிறது.

வட அமெரிக்காவில் மன்ரோ என்பவர் தேனின் பாகுநிலையை அளந்து 1943-இல் வெளியிட்டார். அவருடைய அளவுகள் இன்றும் தேன் பற்றிய கையேடுகளில் எடுத்தாளப்படுகின்றன. வெள்ளைக் குளோவர் தேனை 25 டிகிரி சென்டிகிரேடில் வைத்து அளந்தபோது, நீர் 13.7 சதவிகிதம் இருந்த தேனின் பாகியல் எண் 420 பாய்ஸ். நீர் 15.5 சதவிகிதமானால் 138. 17.1 ஆனால் 69. 19.1 ஆனால் 34.9. 21.5 ஆனால் வெறும் 13.6. நீரின் அளவு 13.7-இலிருந்து 21.5 சதவிகிதத்துக்கு ஏறுவதற்குள் தேனின் பாகுநிலை முப்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது!

இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பாருங்கள். 15.5-க்கும் 17.1-க்கும் இடையே உள்ள வேறுபாடு 1.6 சதவிகிதந்தான். அதற்குள் 138 சரிபாதியாகி 69 ஆகிறது. அதை ஒரு வீட்டுக் கணக்காக மாற்றிப் பார்க்கலாம். 17.1 சதவிகித நீருள்ள ஒரு கிலோ தேனில் நீர் நீங்கலாக 829 கிராம் இருக்கிறது. இதை 20.2 சதவிகித நீருள்ள தேனாக மாற்ற எவ்வளவு நீர் ஊற்ற வேண்டும்? கணக்கிட்டால் 39 மில்லி லிட்டர் வருகிறது. எட்டுத் தேக்கரண்டிகூட முழுதாக இல்லை. மன்ரோவின் அளவுப்படி 20.2 சதவிகிதத்தில் பாகியல் எண் 20.4 பாய்ஸ். 69 பாய்ஸ் இருந்த தேன், எட்டுத் தேக்கரண்டி நீருக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது.

இவ்வளவு சிறிய அளவு நீர் இவ்வளவு பெரிய மாற்றத்தை எப்படிச் செய்கிறது? மூலக்கூறுகளை எண்ணிப் பார்த்தால் விளங்கும். நூறு கிராம் தேனில் 17 கிராம் நீர் என்றால், 17-ஐ நீரின் மூலக்கூறு எடையான 18-ஆல் வகுக்க, சுமார் 0.94 மோல். மீதியில் பெரும்பகுதி பிரக்டோஸும் குளுக்கோஸும். அவற்றின் மூலக்கூறு எடை 180. மற்றச் சர்க்கரைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் சுமார் 0.42 மோல். அதாவது தேனில் ஒரு சர்க்கரை மூலக்கூறுக்கு இரண்டே இரண்டு நீர் மூலக்கூறுகள்தாம் இருக்கின்றன. தேன் நீரில் கரைந்த சர்க்கரை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சர்க்கரைக் கூட்டத்துக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக நீர் அகப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதே பொருத்தம்.

குளுக்கோஸ் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் ஐந்து ஹைட்ராக்சில் தொகுதிகள் உண்டு. பிரக்டோஸிலும் அப்படியே. இவை ஒவ்வொன்றும் கைநீட்டிப் பக்கத்து மூலக்கூறுடன் ஹைட்ரஜன் பிணைப்பு ஏற்படுத்திக்கொள்ள முயல்கின்றன. நீர் குறைவாக இருப்பதால் சர்க்கரையின் கைகள் சர்க்கரையையே பற்றுகின்றன. அடுக்குகள் வழுக்க வேண்டுமானால் இந்தப் பிடிகளை ஓயாமல் விடுவித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்நிலையில் நுழைகின்ற ஒவ்வொரு நீர் மூலக்கூறும் ஒரு சர்க்கரைப் பிடியைத் தளர்த்தி, அந்த இடத்தில் தான் பற்றிக்கொள்கிறது. சிறிய, சுறுசுறுப்பான மூலக்கூறு அது. பற்றிய வேகத்தில் விட்டுவிடும். நெரிசலான தேர்த் திருவிழாவில் இருவர் ஒதுங்கினால் பின்னால் இருபது பேர் நகர வழி கிடைக்கிறதல்லவா? அதுபோலத்தான்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. முதலில் ஊற்றும் நீர்தான் பெரிய வேலையைச் செய்கிறது. தேனும் நீரும் சம எடையில் கலந்தால், சர்க்கரை மூலக்கூறு ஒன்றுக்கு நீர் மூலக்கூறுகள் சுமார் பதினைந்து ஆகிவிடும். அந்தக் கரைசலின் பாகுநிலை நீரைப்போல் ஐந்தாறு மடங்குதான் இருக்கும். 69 பாய்ஸ் தேனோ நீரைப்போல் ஏழாயிரம் மடங்குக்கும் மேற்பட்டது. ஏழாயிரத்திலிருந்து ஐந்தாறுக்கு விழுந்த பிறகு மேலும் ஒரு குடம் நீர் ஊற்றினாலும் ஒன்றுக்குக் கீழே போக வழியில்லை.

ஆனால் எவ்வளவு நீர் ஊற்றினாலும் ஒன்று மட்டும் மாறுவதில்லை. மெதுவாகச் சாய்த்தாலும் வேகமாகக் கிளறினாலும் இந்தத் தேனின் பாகியல் எண் ஒன்றேதான். விசையை இரட்டித்தால் அடுக்குகள் வழுக்கும் வேகமும் இரட்டிக்கும். இத்தகைய திரவங்களுக்கு நியூட்டன் வகைப் பாய்மங்கள் என்று பெயர். இந்த நியூட்டன், ஐசக் நியூட்டன். தென்னாட்டில் தேனீ வளர்ப்பவர்களுக்கு இன்னொரு நியூட்டனையும் தெரியும். 1910-களில் திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிய பாதிரியார் நியூட்டன் நம் நாட்டுத் தேனீக்கென ஓர் அளவான பெட்டியை அமைத்தார். அதுதான் ‘நியூட்டன் பெட்டி’. வகுப்பில் நான் நியூட்டன் பாய்மத்துக்கு எடுத்துக்காட்டாகத் தேனைச் சொன்னபோது, தேனீ வளர்க்கும் குடும்பத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர், “அந்தப் பெட்டியில் எடுத்த தேனா, சார்?” என்று கேட்டார். இரண்டையும் இணைத்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

தேன் நியூட்டன் வகையா என்பதை நீங்களே சோதிக்கலாம். அகன்ற கண்ணாடி ஜாடி ஒன்றில் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தேன் ஊற்றுங்கள். பேரிங் விற்கும் கடையில் அரைக்கால் அங்குல, கால் அங்குல எஃகுக் குண்டுகள் கிடைக்கும். குண்டைத் தேனின் பரப்பில் மெல்ல விடுங்கள். சிறிது தூரம் சென்றதும் அது மாறாத வேகத்தில் இறங்கும். முற்றுத் திசைவேகம் என்று பாடநூலில் படிப்பது இதைத்தான். ஸ்டோக்ஸ் விதிப்படி இவ்வேகம் ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் பாகியல் எண்ணுக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். 69 பாய்ஸ் தேனில் அரைக்கால் அங்குலக் குண்டு 10 சென்டிமீட்டர் இறங்கச் சுமார் 19 விநாடி ஆகும். விட்டம் இரட்டித்த கால் அங்குலக் குண்டு நான்கில் ஒரு பங்கு நேரத்தில், சுமார் 5 விநாடியில் இறங்கும். இந்த நான்குக்கு ஒன்று என்ற விகிதம் வந்தால் தேன் நியூட்டன் வகை. ஜாடி குறுகலாக இருந்தால் சுவரின் பாதிப்பால் பெரிய குண்டு தாமதிக்கும், கணக்கு உதைக்கும். எனவே அகலத்தில் கஞ்சத்தனம் கூடாது.

இந்தச் சோதனையில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. வெப்பநிலை. நீர் 16.1 சதவிகிதம் உள்ள ஒரு தேனின் பாகியல் எண் 20.6 டிகிரியில் 189.6 பாய்ஸ், 29 டிகிரியில் 68.4, 39.4 டிகிரியில் 21.4. எட்டரை டிகிரி வெயில் ஏறினால், எட்டுத் தேக்கரண்டி நீர் ஊற்றியதற்குச் சற்றேறக்குறைய ஒப்பான மாற்றம்!

இதை எழுதும்போது எனக்கு ஒரு பழைய குற்ற உணர்வு எட்டிப் பார்க்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாத மதியம் மலையடிவாரத்திலிருந்து ஒரு பெரியவர் தேன் கொண்டுவந்தார். அம்மா புட்டியைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “என்னங்க இது, தண்ணி மாதிரி ஓடுது?” என்றார். “வெயில் காலத்துல அப்படித்தாம்மா ஓடும். ராத்திரி வச்சுப் பாருங்க, கெட்டியாயிடும்” என்றார் பெரியவர். அம்மா என்னைப் பார்த்தார். இயற்பியல் படித்த மகன் ஆயிற்றே! நானும் ஒரு முறை சாய்த்துப் பார்த்துவிட்டு, “வேண்டாம்மா” என்று சொல்லிவிட்டேன். தாழ்வாரத்தில் அன்று 37 டிகிரி இருந்திருக்கும். குளிர்ந்த காலையில் கெட்டியாகத் தோன்றும் நல்ல தேனும் அந்த வெப்பத்தில் அப்படித்தான் ஓடியிருக்கும். நான் எம்.எஸ்ஸி. படித்துத் தெரிந்துகொண்டதை அவர் படிக்காமலே சொல்லியிருந்தார். அதற்குப் பின் அவர் எங்கள் தெருப்பக்கம் வரவில்லை.

சரி, இனி ஹெதர் தேனுக்கு வருவோம். இது எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாத தேன். தாவரவியலில் கல்லூனா வல்காரிஸ் என்று பெயர் பெற்ற செடியிலிருந்து வருவது. பிரிட்டனில் தேனீ வளர்ப்போர் கோடையின் இறுதியில் பெட்டிகளை வண்டியேற்றி மேட்டு நிலங்களுக்குக் கொண்டுபோய் வைப்பார்கள். திரும்பி வரும்போது அடைகள் நிறைந்திருக்கும். ஆனால் எடுப்பதுதான் தொல்லை. சாதாரணத் தேனடைகளைச் சட்டங்களோடு எந்திரத்தில் வைத்துச் சுழற்றினால், தயிர் கடையும்போது மோர் தெறிப்பதுபோல் தேன் வெளியே தெறித்துவிடும். ஹெதர் தேன் அடையை விட்டு அசையாது. எனவே அடையையே பிழிபொறியில் வைத்து நசுக்குவார்கள். இல்லையேல் ஊசிகள் பதித்த கருவியால் ஒவ்வோர் அறையிலும் குத்திக் கலக்கிவிட்டு, அது மறுபடி இறுகுமுன் சுழற்றியெடுப்பார்கள். பிழிந்து எடுத்த தேனில் காற்றுக் குமிழ்கள் சிறைப்பட்டு நிற்கும். மேலே ஏறி வரமாட்டா. வெளிச்சத்தில் பிடித்தால் மின்னும் இந்தக் குமிழ்களே நல்ல ஹெதர் தேனின் அடையாளம் என்பார்கள். குமிழ் ஏறவில்லை என்றால் என்ன பொருள்? அதை மேலே தள்ளும் சிறு விசைக்குத் திரவம் சற்றும் வழிவிடவில்லை என்று பொருள். அந்நிலையில் அது திரவமே அன்று, களி.

களி என்றதும் கேழ்வரகுக் களி நினைவுக்கு வந்தால் தவறில்லை. வேதியியலார் களி என்பது பெருமளவு திரவத்தை ஒரு மெல்லிய வலை பிடித்து நிறுத்தியிருக்கும் நிலையை. கிளறினால் இளகி, சும்மா விட்டால் இறுகும் களிகளை 1920-களில் ஜெர்மனியில் ஆராய்ந்தார்கள். இரும்பு ஆக்சைடுக் களியைக் குலுக்கினால் நீராகி, வைத்தால் மீண்டும் களியாவதைக் கண்டார்கள். இப்பண்புக்குத் ‘திக்ஸோட்ரோபி’ என்று பெயர் வைத்தார்கள். தொடுதல், மாறுதல் என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. தொட்டாற்சுருங்கியைத் தெரிந்த நமக்கு இதைத் ‘தொட்டால் இளகி’ என்று சொன்னால் போதும். தோய்ந்த தயிரையும் கலக்கினால் இளகுகிறதே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் கலக்கிய தயிர் மறுபடி தோய்வதில்லை. அறுந்த வலை அறுந்ததுதான். ஹெதர் தேனின் வலையோ தானே பின்னிக்கொள்கிறது.

வலை எதனால் ஆனது? பிரிட்டனைச் சேர்ந்த பிரைஸ்-ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் இதற்கு விடை கண்டார். தேனின் ஓட்டப் பண்புகள் பற்றி அவர் 1953-இல் எழுதிய விரிவான கட்டுரை இத்துறையில் மூலநூல் போன்றது. பெரும்பாலான தேன்களில் புரதம் அரை சதவிகிதம்கூட இராது. ஹெதர் தேனில் 1 முதல் 2 சதவிகிதம் வரை இருக்கிறது. இந்தப் புரதத்தைப் பிரித்து நீக்கியதும் ஹெதர் தேன் சாதாரணத் தேனைப்போல் ஓடியது. நீக்கிய புரதத்தைக் குளோவர் தேனில் சேர்த்ததும் குளோவர் தேன் கவிழ்த்தால் வடியாத தேனாயிற்று. எய்தவன் யார் என்பதில் இனி ஐயம் இல்லை. புரதத் துகள்கள் பிரௌனியன் இயக்கத்தால் அலைந்து, ஒன்றையொன்று சந்திக்கும்போது வலுவற்ற பிணைப்புகளால் ஒட்டிக்கொண்டு வலையாகின்றன. கரண்டியின் வேகத்துக்கு அப்பிணைப்புகள் தாங்கா. கரண்டியை எடுத்துவிட்டால் மீண்டும் அலைச்சல், சந்திப்பு, வலை.

இப்போது நம் தலையாய கேள்விக்கு வரலாம். இத்தகைய தேனின் அடர்த்தியைக் குறைத்தால் என்ன ஆகும்? இங்கே இரண்டு விதமான கலப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி என்று எண்ணுவதே பெரும் குழப்பத்துக்குக் காரணம்.

முதலாவது, நீர் சேர்ப்பது. 20 சதவிகித நீரும் 1.5 சதவிகிதப் புரதமும் உள்ள 100 கிராம் ஹெதர் தேனில் 10 கிராம் நீர் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். நீர் 27 சதவிகிதத்துக்கு ஏறிவிடுகிறது. நாம் முன்பே கண்டபடி, சர்க்கரைக் கரைசலின் பாகுநிலை இதனால் பல மடங்கு சரியும். ஆனால் புரதம்? 1.5-இலிருந்து 1.36-க்குத்தான் இறங்கியிருக்கிறது. வலையின் இழைகளில் பத்தில் ஒன்றுகூடக் குறையவில்லை. அதாவது நீர் முதலில் தாக்குவது வலையின் கண்களுக்கு இடையே உள்ள சர்க்கரைப் பாகைத்தான், வலையை அல்ல. கிளறி இளக்கிய நிலையில் இந்தத் தேன் முன்னைவிட மிகத் தளர்ந்து ஓடும். நின்ற நிலையில் வலை தன்னாலியன்ற மட்டும் அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். மேலும் மேலும் நீர் சேர்த்து, புரதம் பாதியளவுக்கு வரும்போது, வலை பின்னப் போதிய இழை இல்லாமல் வெறும் சர்க்கரை நீராகிவிடும்.

இரண்டாவது, மலிவான வேறு தேனைக் கலப்பது. அதே 100 கிராம் ஹெதர் தேனில் 0.2 சதவிகிதப் புரதமும் 17 சதவிகித நீரும் உள்ள 100 கிராம் குளோவர் தேனைக் கலந்தால், கலவையில் நீர் 18.5 சதவிகிதம். நீர் குறைந்தே இருக்கிறது! ஆனால் புரதம் 0.85-க்கு விழுந்துவிட்டது. இங்கே அறுபடுவது வலை. களியின் வலிமை புரதத்தின் அளவைவிட வேகமாகக் குறையும். ஏனெனில் இரண்டு துகள்கள் சந்தித்தால்தான் ஒரு பிணைப்பு. துகள்கள் பாதியானால் சந்திப்புகள் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகிவிடுமல்லவா?

ஆகவே நீர்க்கலப்பில் தேனின் ஓட்டம் எவ்வளவு என்பது மாறுகிறது. தேன்கலப்பில் எந்த வகை என்பதே மாறுகிறது. இதிலிருந்து ஒரு பயனுள்ள உண்மை கிடைக்கிறது. ஹெதர் தேனைக் கவிழ்த்துப் பார்த்து அதில் எவ்வளவு நீர் என்று சொல்ல முடியாது. களி அதை மறைத்துவிடும். ஆனால் அதில் வேறு தேன் கலந்திருக்கிறதா என்று ஓரளவு சொல்லலாம். ‘ஓரளவு’ என்று நான் தயங்குவதற்குக் காரணம் உண்டு. அதே மேட்டு நிலத்தில் மணிப்பூ போன்ற மலர்களுடைய வேறொரு ஹெதர் இனமும் பூக்கிறது, எரிகா சினீரியா. அதன் தேன் களியாவதில்லை. தேனீ இரண்டிலும் உட்காரும். களி மெலிந்திருந்தால் குற்றவாளி வியாபாரியாகவும் இருக்கலாம், தேனீயாகவும் இருக்கலாம். இன்னொரு எச்சரிக்கை: குளுக்கோஸ் படிகமாகி உறைந்த தேனும் கவிழ்த்தால் வடியாது. அது களி அன்று. வெளிச்சத்தில் பிடித்தால் மணல்போல் தெரியும். வெதுவெதுப்பான நீரில் புட்டியை வைத்தால் கரைந்துவிடும்.

சரி, நீரை அளப்பது எப்படி? ஓட்டத்தை விட்டுவிட்டு ஒளியைக் கேட்க வேண்டும். தேனின் ஒளிவிலகல் எண் அதில் உள்ள நீரைப் பொறுத்தது. 20 டிகிரியில் அது 1.4940 என்றால் நீர் சுமார் 17 சதவிகிதம், 1.4865 என்றால் 20. ஒவ்வொரு சதவிகிதத்துக்கும் 0.0025 தான் வேறுபாடு. ஆனால் கையடக்கமான ஒளிவிலகல்மானியே அதைக் காட்டிவிடும். ஒரு துளி தேன் போதும். புரத வலை அறுந்திருக்கிறதா, பின்னியிருக்கிறதா என்று ஒளி பார்ப்பதில்லை. பாகுநிலையோடு ஒப்பிட்டால் இம்மாற்றம் அற்பம், நம்பகமோ மிகுதி.

இதெல்லாம் ஆய்வுக்கூட வேடிக்கை என்று எண்ணிவிட வேண்டாம். தேனில் இயற்கையாகவே ஈஸ்ட்டுகள் உண்டு. கனடாவில் லாக்ஹெட் என்பவர் 1933-இல் கண்ட முடிவுப்படி, நீர் 17.1 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் ஈஸ்ட் எவ்வளவு இருந்தாலும் ஓராண்டுக்குத் தேன் புளிக்காது. 20-ஐத் தாண்டினால் எப்போதும் ஆபத்துதான். உலக உணவுத் தரத் தொகுப்பான கோடெக்ஸ், தேனில் 20 சதவிகிதத்துக்கு மேல் நீர் கூடாது என்கிறது. ஹெதர் தேனுக்கு மட்டும் 23 வரை விலக்கு அளித்திருக்கிறது. ஆக, பார்வைக்கு மிகக் கெட்டியாகத் தோன்றும் தேன்தான் புளித்துப் பொங்கும் எல்லைக்கு மிக அருகில் நிற்கிறது. கெட்டியாக இருக்கிறதே என்று நம்பி வெப்பமான அலமாரியில் ஆண்டுக்கணக்கில் வைத்தால் ஏமாறுவோம்.

தொட்டால் இளகும் தேன் ஹெதர் மட்டுமன்று. நியூசிலாந்தின் மனுகா தேனும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். அங்கும் ஊசிகளால் குத்தித்தான் எடுக்கிறார்கள். நமக்கு அருகிலேயே ஒன்று இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் மேற்குத் தொடர்ச்சி மலையில், மகாபலேசுவரம் போன்ற இடங்களில் கிடைக்கும் கார்வித் தேன். கார்வி நம் குறிஞ்சிக்கு உடன்பிறப்பு. இரண்டும் ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பதுபோல் கார்வி எட்டு ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும். மும்பைப் பகுதியில் 2016-இல் பூத்தது, மீண்டும் 2024-இல் பூத்தது. நம் நாட்டு உணவுத் தர விதிகள் மற்றத் தேன்களில் சுக்ரோஸ் 5 சதவிகிதத்துக்கு மிகக் கூடாது என்று சொல்லிவிட்டு, கார்விக்குப் பெயர் குறிப்பிட்டு 10 வரை அனுமதித்திருக்கின்றன. சாதாரணத் தேனின் அளவுகோலால் இதை அளந்து கலப்படம் என்று தள்ளிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஓர் ஒளிவிலகல்மானி சும்மா கிடக்கிறது. அண்மையில் வீட்டில் தேன் வாங்க வேண்டியிருந்தபோது அம்மா புட்டியைக் கையில் எடுத்தார், கவிழ்க்கவில்லை. “அந்தக் கண்ணாடியைக் கொண்டுவந்து பாத்துட்டுச் சொல்லு. இல்லேன்னா ராத்திரி வரைக்கும் வச்சுப் பாப்போம்” என்றார்.